சென்னையில் ஆப்பிரிக்கன் சிக்லிட்: தண்ணீர் ஊற்றுவதிலிருந்து குஞ்சு எடுப்பது வரை

வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போன கையோடு ‘மிக்ஸ் ஆப்பிரிக்கன்’ (ஆப்பிரிக்க ஏரிகளைச் சேர்ந்த சிக்லிட் மீன் வகைகளின் கலவை) என்று பத்துப் பதினைந்து குட்டி மீன்களைக் கவரில் தூக்கிக்கொண்டு வந்து, அதற்கப்புறம் தொட்டி கழுவ உட்காருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வாரத்தில் பாதி போய்விடும். மிச்சமிருப்பவை ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டிருக்கும். கடையில் கேட்டால் ‘கொஞ்சம் உப்பு போடுங்க சார்’ என்பார்கள். வீடியோக்களைப் பார்த்தால் ஹீட்டர் வாங்கு, பவளத்தூள் போடு என்று குளிர்நாட்டுக்காரர்கள் சொல்வார்கள். முதலாவது சென்னைக்குத் தேவையே இல்லை, இரண்டாவது சட்டப்படி வம்பு. நம் ஊரில் இந்த மீனை வளர்த்துக் குஞ்சு எடுக்க என்ன வரிசையில் போக வேண்டும் என்று எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு வருடமும் கணிசமான பணமும் மிச்சமாகியிருக்கும்.

வரிசைதான் முக்கியம். மீன் வாங்குவது இதில் ஆறாவது படி.

1. ஒரே ஓர் இனத்தை முடிவு செய்யுங்கள்

கடையில் ஆப்பிரிக்கன் சிக்லிட் என்று ஒரே பெயரில் விற்பது நூற்றுக்கணக்கான இனங்களை. பெரும்பாலும் மலாவி, டாங்கனிகா, விக்டோரியா ஏரிகளைச் சேர்ந்தவை. நம் ஊரில் அதிகம் கிடைப்பது மலாவி. அதிலும் இரண்டு கூட்டம் உண்டு. பாறை இடுக்கில் குடியிருந்து, பாறைமேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்பவை ம்பூனா. மணல்பரப்பிலும் திறந்த நீரிலும் பூச்சி, புழு, குட்டி மீன் பிடித்துத் தின்பவை பீகாக், ஹாப் வகைகள். இரண்டுக்கும் தீனி வேறு, குணம் வேறு. ஒரே தொட்டியில் போட்டால் பீகாக்கை ம்பூனா நிம்மதியாக இருக்க விடாது.

முதல்முறை வளர்ப்பவர்களுக்கு என் சிபாரிசு யெல்லோ லேப். கடையில் ‘எலெக்ட்ரிக் யெல்லோ’ என்றும் சொல்வார்கள். நாலு அங்குலம் வளரும், ஆண் பெண் இரண்டுமே மஞ்சள், ம்பூனாக்களில் சாது. டெமாசோனி அழகுதான், ஆனால் ஒன்றையொன்று கொல்லும்; அது இரண்டாவது தொட்டிக்கு. ஆரட்டஸ், கென்யி இரண்டையும் யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். குட்டியாக இருக்கும்போது கண்ணைப் பறிக்கும், வளர்ந்ததும் தொட்டியில் வேறு யாரையும் வாழ விடாது.

‘பலதும் கலந்து வைத்தால்தான் அழகு’ என்றால் தாராளமாக வையுங்கள், ஆனால் அதில் குஞ்சு எடுக்காதீர்கள். மலாவி மீன்கள் இனம் மாறி ஜோடி சேரும். பீகாக் வகைகளில் இது இன்னும் மோசம். எந்த வகையாக இருந்தாலும் பெண் மீன் பார்க்கச் சாம்பல் நிறம்தான். எது எதன் பெண் என்று அதை வைத்திருப்பவருக்கே தெரியாது. கலப்புக் குஞ்சை நாளைக்கு ஒருவரிடம் அசல் என்று கொடுத்தால், அவர் தொட்டியும் கெட்டது.

2. உங்கள் வீட்டுத் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

முடி கொட்டுகிறது, பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறது என்று நாம் திட்டுகிற போர்த் தண்ணீர் இந்த மீன்களுக்கு வரம். மலாவி ஏரியின் பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) ஏறக்குறைய 7.7 முதல் 8.6 வரை. டாங்கனிகா அதற்கும் மேலே, 9-ஐத் தொடும். சென்னையின் பல பகுதிகளில் போர்த் தண்ணீர் எதுவும் சேர்க்காமலே 7.5-க்கு மேல் நிற்கும்.

ஆனால் வீட்டுக்கு வருவது ஒரே தண்ணீர் அல்ல. மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், போர் மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கிற அபார்ட்மென்ட்தான் அதிகம். இந்த வாரம் இருந்த கடினத்தன்மை அடுத்த வாரம் இருக்காது. மெட்ரோ வாட்டரில் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வருவதும் உண்டு. அது மென்மையானது, பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்காது.

வாங்க வேண்டியவை: பி.எச்., கே.எச். (பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் கடினத்தன்மை), அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஐந்துக்கும் சொட்டு மருந்துச் சோதனைக் கிட். காகிதப் பட்டைச் சோதனை ஈரப்பதத்தில் சீக்கிரம் கெட்டுப்போகும். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தாது எல்லாம் சேர்ந்த அளவு) மீட்டர் சில நூறு ரூபாய்தான், வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் போர் நீரில் கடல் உப்பு ஏறியிருக்கலாம். டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டும், அதில் பெரும்பகுதி சாப்பாட்டு உப்பாக இருக்கும். நமக்கு வேண்டியது உப்பல்ல, கே.எச். அது 8-லிருந்து 12 டிகிரிக்குள் (இது கே.எச். அளக்கும் அலகு, வெப்பம் அல்ல) இருந்தால் பி.எச். தானாக நிற்கும்.

குறைவாக இருந்தால் மளிகைக் கடை ஆப்ப சோடா போதும். 100 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போட்டால் கே.எச். சுமார் 2 டிகிரி ஏறும். தொட்டியில் நேராகக் கொட்டாதீர்கள். மாற்றப்போகும் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம்.

பொறிகள் இரண்டு. ஆர்.ஓ. தண்ணீர் சுத்தமானது என்று தொட்டியை நிரப்புவது முதல் பொறி. அதில் தாதுவே இல்லை, பி.எச். சரிந்துவிடும். இரண்டாவது குளோரின். மெட்ரோ, லாரித் தண்ணீரில் கட்டாயம் இருக்கும். ஒரு டிரம்மில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு ஒருநாள் விடுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரின் சொட்டுங்கள். போர்த் தண்ணீர் ராத்திரி தெளிவாக இருந்து காலையில் பழுப்பாக மாறினால் அதில் இரும்பு இருக்கிறது. அதையும் டிரம்மில் காற்று ஏற்றிப் படியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

3. தொட்டி, கல், மணல், ஃபில்டர்

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இதற்குக் குறைந்து குஞ்சு எடுக்க ஆசைப்படாதீர்கள். உயரத்தைவிட நீளமும் அகலமும்தான் இந்த மீனுக்கு முக்கியம், ஏனென்றால் அது பிடிப்பது தரையில் எல்லையை. இந்த அளவில் சுமார் 255 லிட்டர் தண்ணீர் நிற்கும். கண்ணாடி, கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 350 கிலோவைத் தொடும். ஐந்து பெரியவர்கள் ராப்பகலாக ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி. அறையின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி, பீம் போகிற பக்கமாக வையுங்கள். அடியில் தெர்மகோல் தாள் கட்டாயம்.

செகண்ட் ஹேண்ட் தொட்டி பாதி விலைக்குக் கிடைக்கும், நல்ல வழிதான். ஆனால் வீட்டுக்குள் கொண்டுவருமுன் மொட்டைமாடியிலோ கார் நிறுத்துமிடத்திலோ முழுக்கத் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் வையுங்கள். பழைய சிலிக்கான் முதல் நாள் கசியாது.

கல்லுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடைக்கும் கருங்கல் துண்டுகள், கூர்மை இல்லாததாகப் பார்த்து எடுத்துத் தேய்த்துக் கழுவினால் போதும். அடுக்கும் முறைதான் முக்கியம்: முதலில் கல், அதற்கப்புறம் மணல். மணல்மேல் கல்லை வைத்தால் மீன் அடியில் தோண்டிக்கொண்டே போகும், ஒருநாள் கல் சரிந்து கண்ணாடியில் விழும். தொட்டியின் அடிக்கண்ணாடிமேல் மெல்லிய தெர்மகோலோ பிளாஸ்டிக் தாளோ விரித்து, கல்லை ஆடாமல் நிறுத்தி, இடுக்குகள் வருகிற மாதிரி அடுக்கி, பிறகு மணலைக் கொட்டுங்கள். கழுவிய ஆற்று மணலோ ஃபில்டர் மணலோ நல்லது. எம்-சாண்ட் கூர்மையானது, கழுவக் கழுவத் தூசி வரும். மெரினா மணலை அள்ளும் யோசனை இருந்தால் இப்போதே விடுங்கள்.

பவளத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு வீடியோக்களில் பி.எச். ஏற்றுவதற்கு உடைத்த பவளம் போடச் சொல்வார்கள். இந்தியாவில் பவளப்பாறைகள் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வாங்குவதும் விற்பதும் குற்றம். யாராவது ‘கோரல் சிப்ஸ்’ என்று நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதே வேலையைச் சுண்ணாம்புக்கல் செய்யும். சுண்ணாம்பு சுடுவதற்கு எடுக்கிற சாதாரணக் கிளிஞ்சலும் செய்யும். ஒரு வலைப்பையில் அரைக்கிலோ கட்டி ஃபில்டருக்குள் வைத்தால் போதும்.

ஃபில்டரில் கஞ்சத்தனம் கூடாது. மணிக்கு 1,500 முதல் 2,000 லிட்டர் ஓடும் கேனிஸ்டரோ (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) சம்ப்போ (தொட்டிக்குக் கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டி) ஒன்று, அதோடு இரண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஸ்பாஞ்ச் எதற்கென்றால், பின்னால் குஞ்சுத் தொட்டிக்கு ஒன்றைத் தயார்நிலையில் எடுத்து மாற்றலாம். கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப்பில் ஓட்டலாம்.

புதிதாக வாங்கினால் தொட்டி, ஸ்டாண்ட், மூடி, விளக்கு சேர்த்து 12,000 முதல் 15,000 ரூபாய், ஃபில்டர்கள் 5,000 முதல் 8,000, சோதனைக் கிட் 2,000-க்குப் பக்கம் என்று எடுத்துவையுங்கள். கரண்ட் பில் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஃபில்டரும் ஏர் பம்ப்பும் சேர்ந்து 25 வாட், விளக்கு 15 வாட் எட்டு மணிநேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் வரும். ஆனால் இலவச 100 யூனிட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இது அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம்.

4. காகிதங்கள்

இதில் பெரிய தொல்லை இல்லை, ஆனால் நான்கு விஷயம்.

வாடகை வீடென்றால் வீட்டு ஓனரிடம் முன்பே சொல்லி, ஒரு வாட்ஸ்அப் செய்தியிலாவது சம்மதம் வாங்குங்கள். தண்ணீர் கசிந்து கீழ் வீட்டுக் கூரை ஊறினால் அட்வான்ஸில் கை வைப்பார்கள்.

சைட்டிஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆசிய அரோவானா அதில் வரும். நாம் பேசுகிற மலாவி, டாங்கனிகா சிக்லிட்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ‘லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மீன் வாங்கும்போது இனத்தின் பெயர், எண்ணிக்கை, தேதி போட்ட பில் கேளுங்கள். துண்டுச்சீட்டு என்றாலும் சரி. பின்னால் குஞ்சை விற்கும்போது ‘எங்கிருந்து வந்த வரிசை’ என்று கேட்பார்கள்.

தொழிலாகவே செய்ய நினைப்பவர்களுக்கு: பிரதான் மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் அலங்கார மீன் வளர்க்கும் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் செலவு என்று கணக்கிட்டு, பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம் வைத்திருந்தார்கள். ஆதார், வங்கிப் பாஸ்புக், இடத்துக்கான ஆவணம் அல்லது குத்தகைப் பத்திரம், திட்ட அறிக்கை இவற்றோடு மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில், அந்த வருடத்துக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மானியம் பிறகுதான் வரும். முதல் போடக் கையில் பணம் வேண்டும். நாலடித் தொட்டிக்கு இதெல்லாம் தேவையில்லை.

5. மீன் இல்லாமல் தொட்டியை ஓட்டுங்கள்

எல்லோரும் தாண்டிக் குதிக்கிற படி இதுதான். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் ஊர் வெப்பத்தில் கொஞ்சம் முன்னதாகவே முடியலாம். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடுங்கள். தெரிந்தவர் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் காத்திருக்கும் நாட்களில் பாதி மிச்சம்.

சிக்லிட்டுக்கு இது ஏன் கூடுதல் முக்கியம் என்றால், பி.எச். ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7-இல் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதம்கூட விஷ வடிவில் இருக்காது. அதே தண்ணீர் 8.3-இல் இருந்தால் கிட்டத்தட்ட 14 சதவீதம். கோல்ட் ஃபிஷ் தாக்குப்பிடித்த தொட்டியில் சிக்லிட் சாவது இதனால்தான்.

அம்மோனியா சுழி, நைட்ரைட் சுழி, நைட்ரேட் கொஞ்சம். இந்த மூன்றும் ஒரு வாரம் தொடர்ந்து வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

6. மீன் வாங்கும் நாள்

கத்திரி வெயிலில் வாங்காதீர்கள். ஜூலையில் தொட்டியை ஆரம்பித்து, ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ மீனை விடுவது நல்ல கணக்கு. கொளத்தூருக்கு வார நாளில் காலையில் போங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கடைக்காரரால் நின்று பதில் சொல்ல முடியாது.

ஒன்றரை முதல் இரண்டு அங்குலக் குட்டிகளாகப் பத்து அல்லது பன்னிரண்டு வாங்குங்கள். யெல்லோ லேப்பில் குட்டியாக இருக்கும்போது ஆண் பெண் தெரியாது; மொத்தமாக வாங்கி வளர்த்தால்தான் ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற கணக்கு அமையும். ‘ஜோடி’ என்று விற்பதை வாங்காதீர்கள். ஒரே பெண் இருந்தால் ஆண் அதைத் துரத்தியே கொன்றுவிடும். அளவையும் தரத்தையும் பொறுத்து ஒன்று 60 முதல் 150 ரூபாய் வரை கேட்பார்கள்.

பார்க்க வேண்டியது: மஞ்சள் அழுத்தமாக இருக்கிறதா, முதுகுத் துடுப்பில் கறுப்புக் கோடு தெளிவாக வருகிறதா, உடம்பில் நெடுக்குப் பட்டைகள் இல்லாமல் இருக்கிறதா. பட்டை தெரிந்தால் வேறு இனம் கலந்திருக்கலாம். வயிறு ஒட்டியிருப்பது, வெள்ளை நூல் மாதிரி மலம் தொங்குவது, மூலையில் தனியே நிற்பது எதுவாக இருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்தே வாங்க வேண்டாம்.

பீகாக் வாங்குபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பீகாக் ஆணுக்கு இரண்டரை, மூன்று அங்குலம் வளர்ந்தபிறகுதான் ஒழுங்காக நிறம் ஏறும். ஒன்றரை அங்குலக் குட்டிகள் ஒரு தொட்டி முழுக்க நீலமும் சிவப்புமாக ஜொலித்தால் ஹார்மோன் கலந்த தீனி கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். வீட்டுக்கு வந்து சில வாரத்தில் நிறம் வடியும். என்னிடம் அப்படி விற்ற கடைக்காரர் ‘உங்க தண்ணி சரியில்லை’ என்றார். அந்த மீன்களில் பல கடைசிவரை குஞ்சு வைக்கவே இல்லை.

கவரைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு மீனை ஒரு பக்கெட்டுக்கு மாற்றி, சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை முக்கால் மணிநேரம் சொட்டவிடுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். எல்லா மீனையும் ஒரே நாளில் விடுங்கள். இன்றைக்கு ஐந்து, அடுத்த மாதம் ஐந்து என்றால் முதலில் வந்தவை இடம் பிடித்துக்கொண்டு புதியவற்றைத் துவைக்கும்.

7. தீனி: வயிறு நிறையப் போடாதீர்கள்

ம்பூனாவின் குடல் நீளமானது, பாசியை மெதுவாகச் செரிக்கப் பழகியது. அதற்குக் கொழுப்பும் மாமிசமும் கொடுத்தால் ‘மலாவி ப்ளோட்’ என்ற வயிற்று உப்பல் வரும். முதலில் தீனியை வாயில் வாங்கித் துப்பும், பிறகு தின்னாமல் நிற்கும், மலம் வெள்ளை நூலாகத் தொங்கும், வயிறு உப்பும். உப்பியபிறகு காப்பாற்றுவது அபூர்வம். துப்ப ஆரம்பித்த அன்றே தனித் தொட்டிக்கு மாற்றி, தீனியை நிறுத்தி, மெட்ரோனிடசோல் கலந்த மீன் மருந்தை அதில் போட்டிருக்கும் அளவுப்படி கொடுத்தால் வாய்ப்பு உண்டு.

அன்றாடத் தீனி ஸ்பிருலினா (ஒரு வகைப் பாசி) கலந்த, மூழ்கும் சின்னப் பெல்லெட். பாக்கெட்டின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஸ்பிருலினா முதல் சில பொருட்களில் ஒன்றாக இருக்க வேண்டும், கடைசியில் பெயருக்கு ஒட்டியிருக்கக் கூடாது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, ஒரு நிமிடத்துக்குள் தின்று தீர்க்கிற அளவு. வாரத்தில் ஒருநாள் பட்டினி. கண்ணாடிப் பக்கம் வந்து ஆடி ஆடிக் கெஞ்சும், இரக்கப்படாதீர்கள். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கும் சொல்லிவையுங்கள். யெல்லோ லேப் இயற்கையில் சின்ன நத்தை, பூச்சிப் புழுவும் பொறுக்கித் தின்னும் என்பதால் வாரம் ஒருமுறை ஆர்ட்டீமியா (உப்புநீரில் வளரும் இறால் போன்ற குட்டி உயிரி) கொடுக்கலாம்.

பீகாக்குக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், இறால் கலந்த பெல்லெட் சரி. ஆனால் அதற்கும் கோழி ஈரல், மாட்டு இதயம் வேண்டாம். டியூபிஃபெக்ஸ் புழுவை யாருக்குமே போடாதீர்கள். சாக்கடைச் சேற்றில் வளர்வது அது.

வீட்டில் செய்கிற தீனி மலிவு. உறித்த பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி, வெந்நீரில் முக்கி எடுத்த பசலைக்கீரை, சுத்தம் செய்த இறால் நாலைந்து, ஸ்பிருலினாப் பொடி இரண்டு தேக்கரண்டி. எல்லாவற்றையும் அரைத்து, சைனா கிராஸ் (அகர் அகர்) காய்ச்சிய தண்ணீரில் கலந்து, தட்டில் மெல்லியதாக ஊற்றி ஆறவிட்டு, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு வரும். உப்பு, எண்ணெய், பூண்டு விழுது எதுவும் வேண்டாம்.

பெல்லெட்டை ஒரு கிலோ டப்பாவாக வாங்கினால் லாபம் என்று தோன்றும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் திறந்த டப்பா ஒரு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். 100 கிராம் பாக்கெட்டாக வாங்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

8. முட்டையிலிருந்து குஞ்சு வரை

குட்டியாக வாங்கியவை மூன்று அங்குலத்தைத் தொட்டு முட்டையிட ஏழெட்டு மாதம் ஆகும். எப்போது வரும் என்று தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆண் ஒரு தட்டைக் கல்லைச் சுற்றி மணலை வாயால் அள்ளி வெளியே துப்பிக் குழி போட ஆரம்பித்தால், நாள் நெருங்கிவிட்டது. உடம்பை வளைத்து நடுங்கிக் காட்டிப் பெண்ணை அழைக்கும். இரண்டும் வட்டமாகச் சுற்றும். பெண் ஒன்றிரண்டு முட்டையைக் கல்மேல் இட்டு, அடுத்த விநாடியே திரும்பி வாயில் எடுத்துக்கொள்ளும். இப்படி முட்டையை வாயில் எடுக்கிற மலாவி மீன்கள் பலவற்றில் ஆணின் அடித்துடுப்பில் முட்டை மாதிரியே புள்ளிகள் இருக்கும். பெண் அதையும் முட்டை என்று கவ்வப்போகும்போது ஆண் விந்தை விடும். கருத்தரிப்பது பெண்ணின் வாய்க்குள்.

மறுநாள் பெண்ணைத் தெரிந்துகொள்வது சுலபம். தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்கும். தீனி போட்டால் எல்லாம் பாய்ந்து வரும், அது மட்டும் கல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டு எதையோ மென்றுகொண்டே இருக்கும். மெல்லுவது அல்ல, முட்டைகளை வாய்க்குள் உருட்டிக் காற்றோட்டம் கொடுக்கிறது. அன்று தேதியைக் குறித்துவையுங்கள். இனிமேல் எல்லாம் இந்தத் தேதியை வைத்துத்தான்.

27, 28 டிகிரியில் கணக்கு ஏறக்குறைய இப்படி: ஐந்து முதல் ஏழாம் நாளுக்குள் முட்டை வெடித்து வாலோடு கருக்குஞ்சு; இரண்டாவது வாரக் கடைசியில் கண், தலை, மஞ்சள்கருப் பை தெளிவாகத் தெரியும்; மூன்று வாரத்தில் முழு நீச்சல் குஞ்சு. கோடையில் சில நாள் முந்தும்.

முதல்முறை தாய் மீன் பெரும்பாலும் பாதியில் முட்டையை விழுங்கிவிடும். இரண்டாவது, மூன்றாவது முறையில் கற்றுக்கொள்ளும். அதற்காகத் தொட்டியைக் கலைத்து ஆராயாதீர்கள்.

பொதுத் தொட்டியில் அப்படியே விட்டால் குஞ்சுகளைத் துப்பிய நிமிடமே மற்றவை தின்றுவிடும். இடுக்கில் ஒன்றிரண்டு தப்பலாம். எனவே 14-ஆம் நாளுக்குப் பிறகு பெண்ணைத் தனியாக மாற்றுங்கள். பகலில் வலையோடு துரத்தினால் பயத்தில் எல்லாவற்றையும் துப்பிவிடும். ராத்திரி விளக்கை அணைத்து ஒரு மணிநேரம் கழித்து, மங்கலான டார்ச்சோடு, இரண்டு வலை வைத்து மெதுவாக ஒதுக்கிப் பிடியுங்கள். தனித் தொட்டி பெரியதாக இருக்க வேண்டியதில்லை. 20 லிட்டர் தண்ணீர் கேனின் மேல்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, தாய்த் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றைப் போட்டு, ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு வைத்தால் முடிந்தது. வெட்டிய விளிம்பைத் தேய்த்துவிடுங்கள், மேலே வலை மூடி போடுங்கள், குதிக்கும்.

21-ஆம் நாளுக்குள் தானாகத் துப்பிவிட்டால் நல்லது. துப்பாமல் இழுத்தடித்தால் நாமே எடுக்கலாம். கையை நன்றாக நனைத்து, மீனைத் தலை கீழ்ப்பக்கமாகச் சாய்த்து, அதே தண்ணீர் உள்ள கிண்ணத்துக்கு மேலே பிடியுங்கள். மொட்டையான பிளாஸ்டிக் குச்சியால் கீழ் உதட்டை லேசாகத் திறந்து, வாயைத் தண்ணீரில் முக்கி எடுங்கள். முதலில் இரண்டு மூன்று வரும், பிறகு கொத்தாகக் கொட்டும். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்குப் பக்கம், உடம்பைவிடக் கண்தான் பெரியதாகத் தெரியும். பத்து விநாடிக்குமேல் மீனைத் தண்ணீருக்கு வெளியே வைக்காதீர்கள். வயிற்றில் மஞ்சள்கரு இன்னும் பெரிதாக இருந்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். மெல்லிய காற்றுக்குமிழில் உருண்டுகொண்டே இருக்கிற மாதிரி வைத்தால் பெரும்பாலும் பிழைக்கும். முதல் சில ஈட்டில் பத்து முதல் இருபது குஞ்சு வந்தால் நல்ல எண்ணிக்கைதான்.

தாய் மூன்று வாரம் தின்னாமல் இருந்திருக்கிறது, வயிறு ஒட்டிப்போயிருக்கும். உடனே பெரிய தொட்டியில் விடாதீர்கள், ஆண் விட்டுவைக்காது. ஐந்தாறு நாள் தனியாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி கொடுங்கள். திரும்ப விடும்போது இரண்டு மூன்று கல்லை இடம் மாற்றிவிட்டால் எல்லைச் சண்டை எல்லோருக்கும் புதிதாகத் தொடங்கும், இதன்மேல் கவனம் குறையும்.

9. குஞ்சுத் தொட்டி

இரண்டு அடித் தொட்டி, அடியில் மணல் வேண்டாம், ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும். கேனிஸ்டர் குழாய் குஞ்சை உறிஞ்சிவிடும். இந்தக் குஞ்சுகள் பிறக்கும்போதே பெரியவை என்பதால் தூளாக்கிய பெல்லெட்டை முதல் நாளே தின்னும். ஆர்ட்டீமியாக் குஞ்சும் சேர்த்துக் கொடுத்தால் வளர்ச்சி தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரில் 25, 30 கிராம் அயோடின் இல்லாத கல் உப்பு, அரைத் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டை, வேகமாக ஏர். சென்னை வெப்பத்தில் ஒருநாளில் பொரிந்துவிடும். வடிகட்டி நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள்.

நாளைக்கு நாலு வேளை, ஒவ்வொரு வேளையும் துளி அளவு. இரண்டு நாளைக்கு ஒருமுறை கால்பங்குத் தண்ணீர் மாற்றம். இரண்டு மாதத்தில் ஓர் அங்குலம், மூன்று மாதத்தில் ஒன்றரை அங்குலம் வந்தால் சரியாகப் போகிறது.

10. வெயிலும் கரண்ட்டும்

சித்திரை வைகாசியில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி தாண்டும். வெப்பம் ஏறினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, ஒரு சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீர்மேல் வீசவிடுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாகப் போர்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். இந்த ஒரு இடத்தில் மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் சரி. ஐஸ் பாட்டில் போடாதீர்கள், வெப்பம் ஏறி இறங்குவதைத்தான் மீன் தாங்காது. தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

கார்த்திகை மார்கழியில் கரண்ட். 2016 வர்தாவிலும் 2023 மிக்ஜாமிலும் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இரண்டு வாங்கி, அக்டோபரிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் ஏர் பம்ப்பை மட்டும் அதில் இணையுங்கள். கரண்ட் இல்லாத நாளில் தீனி கிடையாது. நாலைந்து மணிநேரத்துக்குமேல் நின்றுபோன கேனிஸ்டரைக் கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் கெட்டிருக்கும். திறந்து கொட்டி, தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு மாட்டுங்கள்.

இவை தவிர வாரம் ஒருமுறை 30 சதவீதத் தண்ணீர் மாற்றம், வருடம் முழுக்க.

11. மிஞ்சுகிற மீன்கள்

நாலு பெண் இருந்தால் ஒரு வருடத்துக்குள் இடம் போதாது. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சில்லறை விலையில் சிறு பகுதிதான் தருவார்கள். பணமாகக் கேட்பதைவிடத் தீனியாகவோ ஃபில்டர் பொருளாகவோ மாற்றிக்கொண்டால் பேரம் நன்றாகப் படியும். ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே யாரும் வாங்க மாட்டார்கள், எடுத்துக்கொண்டு அலையாதீர்கள். போவதற்குமுன் எண்ணிக்கையும் படமும் அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள், ஒருநாள் முன்பே தீனியை நிறுத்துங்கள், இல்லையென்றால் கவருக்குள் கழிவு சேர்ந்து போரூர் தாண்டுவதற்குள் மீன் மயங்கும். வால் வளைந்தது, தாடை கோணியது போன்ற குஞ்சுகளை விற்கும் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

ஏரியில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நம் ஏரிகளில் நிறைந்து கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கன் சிக்லிட்தான். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதுவும் வாயில்தான் குஞ்சு வளர்க்கும். கூடுதல் ஆண்களை யாரும் வாங்கவில்லை என்றால் அவற்றை மட்டும் தனியாக ஒரு மூன்றடித் தொட்டியில் போடுங்கள். பெண் வாடையே இல்லாத தொட்டியில் ஆண்கள் ஓரளவு அடங்கியிருக்கும். அடுத்த ஈட்டுக்கு வேறு ஒருவரிடமிருந்து ஓர் ஆணைப் பில்லோடு மாற்றி வாங்குங்கள். அண்ணன் தங்கை வரிசையிலேயே மூன்று தலைமுறை எடுத்தால் குஞ்சின் எண்ணிக்கையும் அளவும் குறைய ஆரம்பிக்கும்.